ஆதார் கேட்காத ஞாயிறு: கோத்தகிரிப் பக்கத்து இலவசக் கால்பந்துப் பயிற்சி, எட்டு மாதம் போய்ப் பார்த்த பிறகு

எனக்குக் கால்பந்து தெரியாது. ஆஃப்சைடு என்றால் என்ன என்று என் பதினோரு வயது மகள் தீப்பெட்டியையும் உப்பு டப்பாவையும் வைத்து மூன்று தடவை விளக்கிவிட்டாள், இன்னும் பிடிபடவில்லை. அதனால் ஆட்டத்தை எவ்வளவு நன்றாகச் சொல்லித் தருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள வந்தவர்கள் வேறு யாரையாவது கேளுங்கள். நான் எட்டு மாதமாக ஞாயிறு தவறாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், மைதானத்து ஓரத்துக் கல்லில் ஜெர்கினுக்குள் கையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பவன். அந்தக் கல்லில் இருந்து பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

கோத்தகிரியிலிருந்து பஸ்ஸில் இருபது நிமிஷம், அப்புறம் தேயிலைத் தோட்டம் வழியாகக் கொஞ்சம் நடை. ஒரு ஹட்டியை, அதாவது படுகர் ஊரை, ஒட்டிய மைதானம். ஹட்டி இளைஞர்கள் ஞாயிறு காலையில் மட்டும் விட்டுத் தருகிறார்கள், பத்து மணிக்கு மேல் அவர்கள் கிரிக்கெட். ஊர்ப் பெயரைப் போட வேண்டாம் என்று நடத்துகிறவர்கள் கேட்டுக்கொண்டார்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன். காலை 7 முதல் 9.30 வரை. ஆறு மணிக்கே வைக்கலாமே, வெயில் வருவதற்குள் முடிந்துவிடுமே என்று புதிதாக வரும் அப்பா யாராவது யோசனை சொல்வார். அந்தப் பாதையில் ஆறு மணிக்குக் கரடி நிற்கும் என்று பயிற்சி தரும் மாஸ்டர் சொன்னதும் யோசனை அதோடு சரி. கட்டணம் கிடையாது. டீக்கும் பன்னுக்கும் ஒரு பிஸ்கட் டின் வைத்திருக்கிறார்கள், இருப்பவர் போடலாம், யார் போட்டார் என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. டீ நன்றாக இருக்கும். தேயிலை விளைகிற ஊரில் டீ நன்றாக இருக்கும் என்பதை ஒரு பாராட்டாக எழுத வேண்டியிருக்கிறதே என்று உள்ளூர்க்காரர்களுக்குப் புரியும், நல்ல தூளெல்லாம் கீழே போய்விடுகிறது, நமக்கு மிச்சம் டஸ்ட்தான்.

மாஸ்டர் ஓய்வுபெற்ற பி.டி. ஆசிரியர். கூட ஒரு நர்ஸ் அக்காவும், பேக்டரியில் வேலை செய்கிற ஜார்க்கண்ட் தம்பி ஒருவரும். இந்த மூன்று பேர்தான் மொத்த நிர்வாகமும். வருகிறவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லயத்து, அதாவது தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளைகள், ஹட்டிப் பையன்கள், பேக்டரியில் இலை வாட்டுகிற அசாம், ஜார்க்கண்ட் இளைஞர்கள், ஊட்டி திபெத் மார்க்கெட்டில் ஸ்வெட்டர் விற்கும் வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் (மாதத்துக்கு ஒரு தடவை, பைக்கில் நடுங்கிக்கொண்டே வந்து சேர்வார்கள்), அப்புறம் மூன்று இலங்கை அகதிக் குடும்பத்துப் பிள்ளைகள். முகாமில் இல்லாமல், போலீஸ் ஸ்டேஷனில் பதிந்துவிட்டு வெளியே தங்கியிருப்பவர்கள். வெளிப்பதிவு என்பார்கள். உண்மையைச் சொன்னால் மாஸ்டர் இதை ஆரம்பித்ததே அந்தப் பிள்ளைகளுக்காகத்தான். ஆனால் அவர்களுக்கென்று தனியாக வைத்திருந்தால் ஒருத்தரும் வந்திருக்க மாட்டார்கள். அகதிப் பிள்ளைகளுக்கான பயிற்சி என்று பெயர் வைத்துவிட்டால் பள்ளிக்கூடத்தில் ஒட்டிக்கொள்ளும் பட்டத்தை மைதானத்திலும் ஒட்டிவிட்டது மாதிரிதானே. எல்லாரும் வாருங்கள் என்றார், எல்லாரும் வந்தார்கள், அதில் அவர்களும் இருக்கிறார்கள்.

எனக்கு இது ஏன் உறைக்கிறது என்றால், கோத்தகிரியில் நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். திங்கள் முதல் சனி வரை ஊரில் யாரிடம் என்ன காகிதம் இருக்கிறது, என்ன காகிதம் இல்லை என்பது என் கண்ணாடிமேல் கிடக்கும். ஆதார், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழுக்கு அலைகிறவர்களின் பழைய பாஸ்போர்ட். எங்கள் ஆட்கள் சிலோனில் இருந்து வரும்போது வாங்கிய அந்த பாஸ்போர்ட்டை இன்னும் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வைத்திருப்பார்கள், மூலையைப் பூச்சி அரித்திருக்கும், மூடியை வேகமாக இறக்கினால் தாள் உதிர்ந்துவிடும் என்று நான் கையால் பிடித்தபடியே நகல் எடுப்பேன். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில், அங்கே தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் ஐந்தே கால் லட்சம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வதாகப் பேச்சு, அந்தக் கணக்கில் வந்தவர்கள் என் தாத்தாவும் பாட்டியும். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் இந்தக் குளிருக்கு. அவர்களைப் போன்றவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அரசாங்கம் இங்கே தேயிலை போட்டது, அதுதான் பின்னால் டான்டீ ஆனது. குடியுரிமையோடு வந்தவர்கள், அகதிகள் இல்லை. இருந்தாலும் நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போதுகூட வகுப்பில் என் பெயர் ‘சிலோன்’தான்.

இதே சாதி சனத்தில் ஒரு பகுதி அங்கேயே தங்கியது, கலவரத்துக்குப் பயந்து மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனது, பிறகு அங்கேயும் இருக்க முடியாமல் படகில் வந்தது. அவர்களுக்குப் பெயர் அகதி. ஒரே தாத்தாவின் இரண்டு பிள்ளைகள், எந்த வருஷம் எந்தப் படகு என்பதை வைத்து ஒருத்தர் வாக்காளர், இன்னொருத்தர் வெளிநாட்டவர். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை, 2019 குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கை இல்லை. 2021-இல் முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று தமிழ்நாடு அரசு மாற்றியது, சில இடங்களில் நல்ல வீடுகளும் கட்டிக் கொடுத்தார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் முகாமில் பிறந்து இங்கேயே பிளஸ் டூ முடித்த பையன் என் கடைக்கு வந்து ஒரு படிவத்தில் ‘தேசிய இனம்’ என்ற கட்டத்துக்கு நேரே பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பான், நான் என்ன சொல்வது.

இந்தப் பயிற்சியில் படிவம் இல்லை. முதல் நாள் மாஸ்டர் ஒரு கோடு போட்ட நோட்டில் மூன்று விஷயம் எழுதிக்கொள்வார்: பெயர், சப்பாத்து நம்பர், வீட்டில் யாராவது ஒருத்தரின் போன். அவ்வளவுதான். எங்கே பிறந்தாய், எப்போது வந்தாய், எந்த முகாம், எதுவும் கிடையாது.

சப்பாத்து என்று எழுதிவிட்டேன், ஷூவுக்கு இலங்கையில் சொல்லும் பெயர். அங்கே பூட்ஸ் ஒரு உரச் சாக்கில் இருக்கும், நல்லது கெட்டது கலந்து ஐம்பது ஜோடி இருக்கலாம், குதிகாலில் வெள்ளை பெயிண்டில் நம்பர். ஜூன் மாதம் ஒரு நாள் புதிதாக ஒருவர் மகனைக் கூட்டிக்கொண்டு வந்து சாக்குப் பக்கத்தில் தயங்கி நின்று, “தம்பிக்கு ஆறாம் நம்பர் சப்பாத்து இருக்கோ?” என்று கேட்டார். அந்தச் சொல்லைக் கடைசியாக என் பாட்டி வாயில் கேட்டது. அவள் போய்ப் பதினாலு வருஷம் ஆகிறது. ‘சப்பாத்தைக் கழட்டிட்டு உள்ள வாடா’ என்று அவள் சத்தம் போடுவதைக் கேட்டுப் பள்ளிக்கூடத்து நண்பர்கள் சிரிப்பார்கள், அதற்காகவே அந்தச் சொல்லை நாங்கள் வீட்டை விட்டு விரட்டினோம். நான் எழுந்துபோய் சாக்கைக் கவிழ்த்து அவரோடு சேர்ந்து ஆறாம் நம்பர் தேடினேன். இடது கால் கிடைத்தது, வலது கால் கிடைக்கவில்லை. ஏழாம் நம்பருக்குள் பேப்பரைத் திணித்துப் பையன் ஆடினான். அன்றிலிருந்து பிள்ளைகளுக்கும் அது சப்பாத்துதான், ஜார்க்கண்ட் தம்பிகூட ‘சப்பாத் லாவ்’ என்று கத்துகிறார். அந்தப் பையன் வந்த பிறகு கால்பந்தா, உதைபந்தா என்று ஒரு சண்டையும் ஆரம்பித்திருக்கிறது, கையால் தொடக் கூடாது, உதைக்கத்தானே செய்கிறோம், அப்புறம் என்ன கால்பந்து என்று அவன் கேட்பதில் நியாயம் இருப்பதாகத்தான் படுகிறது.

பந்து விஷயத்தில் குறை சொல்ல முடியாது. பெரியவர்களுக்கு 5 நம்பர், பன்னிரண்டு வயதுக்குக் கீழே 4 நம்பர் என்று சரியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குப் பெரிய பந்தைக் கொடுத்து முட்டியைக் கெடுக்கிற வேலை இங்கே இல்லை. எல்லாம் ஜலந்தரில் செய்தது, மஞ்சள் நிறம், வெள்ளைப் பந்து மூடுபனியில் காணாமல் போகும் என்பதால். காற்றடிக்கும் ஊசியை எச்சில் தொட்டுத்தான் விட வேண்டும், காய்ந்த ஊசி வால்வைக் கிழித்துவிடும் என்று என் மகள் இப்போது வீட்டில் சைக்கிள் பம்புக்கும் எச்சில் தொடுகிறாள்.

மழைக்காலத்தில் நம்பிப் போகாதீர்கள். கூடலூர்க்காரர்களுக்கு ஜூன், ஜூலையில் கொட்டும், நமக்கு ஐப்பசி, கார்த்திகையில். அந்த இரண்டு மாதத்தில் நான்கு ஞாயிறுதான் நடந்தது. ரத்து என்ற செய்தி வாட்ஸ்அப்பில் 6.40-க்கு வரும், அதற்குள் லயத்துப் பிள்ளைகள் பஸ் ஏறியிருப்பார்கள். மாஸ்டரிடம் இதை இரண்டு தடவை சொல்லிவிட்டேன், மழை என்னைக் கேட்டுக்கொண்டா வருகிறது என்றார். நல்ல மனிதர், பதில் மட்டும் சரியில்லை.

பஸ் என்றதும் இன்னொன்று. இந்த மாதிரிப் பயிற்சிக்குப் பெரிய செலவு பந்தும் பூட்ஸும் என்றுதான் நினைத்திருந்தேன். என் சின்னம்மா மகன் ஒருவன் வட இங்கிலாந்தில் தஞ்சம் கேட்டு வழக்கு முடியாமல் ஒரு ஹோட்டலில் கிடந்தான், 2024-இல். சாப்பாடு ஹோட்டலிலேயே கொடுத்துவிடுவதால் கைச்செலவுக்கு வாரம் 8.86 பவுண்டு. அப்போதைய விதிப்படி வேலை செய்யக் கூடாது, 12 மாதம் தாண்டினால் அனுமதி கேட்கலாம், அதுவும் அரசாங்கப் பட்டியலில் இருந்த வேலைக்கு மட்டும். அங்கேயும் தஞ்சம் தேடி வந்தவர்களுக்காக வாரத்துக்கு ஒரு நாள் கால்பந்து வைத்திருந்தார்கள், சூடானி, ஈரானி, குர்து, இவன். முதல் மாதம் போகவில்லையாம். ஏன்டா என்றால், “அண்ணை, போக ரெண்டு பவுண், வர ரெண்டு பவுண்” என்றான். கணக்குப் பார்த்தால் வாரக் காசில் கிட்டத்தட்டப் பாதி. பிறகு நடத்துகிறவர்களே டிக்கெட் காசு கொடுக்க ஆரம்பித்தார்கள், அன்றிலிருந்து ஆள் இரட்டிப்பாகிவிட்டது என்றான். ஆறு நாள் ஹோட்டல் அறையில் உத்தரத்தைப் பார்த்துப் படுத்திருப்பவனுக்கு ஏழாவது நாள் ஒருத்தன் ‘பாஸ் கொடு’ என்று உரிமையோடு திட்டுவது எப்படி இருக்கும் என்று அவன் சொல்லிக் கேட்க வேண்டும்.

நான் அந்தக் கதையை இங்கே மாஸ்டரிடம் சொன்னேன். அவர் ஏற்கெனவே கணக்கில் வைத்திருந்தார். பெண்களுக்கு இலவசப் பஸ் 2024-இல் மலைப்பகுதிக்கும் வந்துவிட்டது, அதனால் பெண் பிள்ளைகளுக்குச் செலவில்லை, கண்டக்டர் கார்டு எதுவும் கேட்காமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிடுவார். பையன்களுக்குத்தான் காசு. பிஸ்கட் டின்னில் விழுவதில் முக்கால்வாசி அதற்குத்தான் போகிறது, பன் பிறகுதான். சில ஞாயிறுகளில் பன் இல்லாததன் ரகசியம் அதுதான், முறைக்காதீர்கள்.

பெண் பிள்ளைகள் பதினோரு பேர் வருகிறார்கள். ஆட்டம் அவர்களுக்கென்று தனியாக ஒரு மணி நேரம், அது நல்ல ஏற்பாடு. ஆனால் கழிப்பறை கிடையாது. பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் கதவைத் திறந்துவிடுகிறார், அவர் ஊருக்குப் போன வாரம் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் ஆடினார்கள். மூன்று வருஷமாக நடக்கும் ஒரு விஷயத்துக்கு இது தலைகுனிவு, மாஸ்டர் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். நர்ஸ் அக்கா மட்டும் இல்லையென்றால் என் மகளை நிறுத்தியிருப்பேன். ஆப்கானிஸ்தான் பெண்கள் அணி 2021-இல் காபூல் தாலிபான் கையில் விழுந்ததும் தப்பி ஆஸ்திரேலியா போய், மெல்போர்னில் ஒரு கிளப் அரவணைக்க அங்கே ஆடிக்கொண்டிருந்ததையும், சொந்த நாட்டுச் சங்கம் ஏற்காததால் சர்வதேச ஆட்டத்துக்குப் பல வருஷம் காத்திருந்து 2025-இல்தான் ஃபிஃபா ஒரு அகதிகள் அணியாக மொராக்கோவில் இறக்கியதையும் அவர்தான் போனில் காட்டிப் பிள்ளைகளுக்குச் சொன்னார். என் மகள் கேட்டது ஒரே கேள்வி: “அவங்களுக்குப் பாத்ரூம் இருந்துச்சா?”

திபெத் பையன்களிடமும் இப்படி ஒரு கதை இருக்கிறது. 2001-இல் கோபன்ஹேகனில் திபெத் அணி கிரீன்லாந்தோடு ஆடியது, 4–1 தோல்வி. அவர்கள் இரண்டு பேருமே அப்போது பிறந்திருக்கவில்லை, ஆனாலும் தோற்ற ஆட்டத்தை ஜெயித்த மாதிரி சொல்வார்கள். நாடில்லாத அணி மைதானத்தில் இறங்கியதே அவர்களுக்குப் போதும் போலிருக்கிறது.

இப்போது பெரிய குறைக்கு வருகிறேன். ஜனவரியில் பக்கத்து ஊரில் ஒரு செவன்ஸ் போட்டி, அணிக்கு ஏழு பேர் ஆடுவது. எங்கள் பிள்ளைகளை ஒரு அணியாகச் சேர்த்தார்கள். போட்டி நடத்துகிறவர்கள், உள்ளூர்க்காரர்கள் மட்டும்தான் ஆட வேண்டும், நீலகிரி முகவரி போட்ட ஆதார் நகல் வேண்டும் என்றார்கள். வெளியூரிலிருந்து காசு கொடுத்து ஆள் இறக்குகிற பழக்கம் செவன்ஸில் உண்டு, அதைத் தடுக்க அந்த விதி, புரிகிறது. சப்பாத்துப் பையனின் ஆதாரில் சமவெளியில் ஒரு முகாமின் முகவரி. இரண்டு வருஷமாக இங்கேதான் படிக்கிறான், அணியில் அவனை விட நன்றாக ஓடுகிறவன் இல்லை. மாஸ்டர் என்ன செய்திருக்க வேண்டும்? நடத்துகிறவர்களிடம் போய்ப் பள்ளிக்கூடச் சான்றிதழைக் காட்டிக் கேட்டிருக்கலாம். பையனைக் கூப்பிட்டு விஷயம் இதுதான் என்று சொல்லியிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. பட்டியலில் அவன் பெயரை விட்டுவிட்டு, அடுத்த தடவை பார்க்கலாம் என்று முதுகில் தட்டினார். நகல் எடுக்க அந்தப் பட்டியல் என் கடைக்குத்தான் வந்தது. ஆட ஏழு, மாற்றுக்கு மூன்று, பத்து ஆதார், அதில் அவனுடையது இல்லை என்று அப்போதே கவனித்தேன், நானும் வாயைத் திறக்கவில்லை. அதையும் எழுதித்தானே ஆக வேண்டும்.

பையன் இரண்டு ஞாயிறு வரவில்லை. இரண்டாவது ஞாயிறு பயிற்சி முடிந்ததும் மாஸ்டர் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, போன் போடாமல், நேராக பஸ் ஏறிவிட்டார். என்ன பேசினார் என்று தெரியாது. பையனின் அப்பா பிறகு டீ குடிக்கும்போது சொன்னது இதுதான்: “முகாமில பேர் கூப்பிடுவினம், நாங்கள் நிக்கிறமோ எண்டு பார்க்க. ஆள் இல்லையெண்டா பிரச்சினை. இவர் வந்து, ஏன் வரேல்லை, காய்ச்சலோ எண்டு கேட்டார்.” மூன்றாவது வாரம் பையன் வந்தான். மாஸ்டர் நாற்பது பேர் முன்னால் அவனிடம் தப்பு என்னுடையது என்றார், அது கொஞ்சம் நாடகமாகத்தான் இருந்தது, பையன் நெளிந்தான். அடுத்த போட்டிக்கு முன்கூட்டியே கேட்டு, பள்ளிச் சான்றிதழ் செல்லும் என்று எழுதி வாங்கியிருக்கிறார்கள். அந்தக் கடிதத்துக்கு நான் காசு வாங்காமல் ஐந்து நகல் எடுத்துக் கொடுத்தேன், பரிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்ப் பெயர் போடாததற்குக் காரணம் சொல்கிறேன் என்றேன். போன வருஷம் நன்கொடை கொடுக்கிறேன் என்று ஒரு குழு வந்தது. பத்து ஜோடி பூட்ஸ், ஒரு பேனர், மூன்று கேமரா. பேனரில் அகதிக் குழந்தைகள் என்று பெரிய எழுத்து. அகதிப் பிள்ளைகள் மட்டும் முன்னால் வந்து நில்லுங்கள் என்றார்கள். யாரும் நகரவில்லை. பிறகு ஹட்டிப் பையன் ஒருவன் போய் நின்றான், அவன் பின்னால் என் மகள், திபெத் பையன், கடைசியில் எல்லாரும். படம் எடுத்துப் போட்டார்கள், அதில் முன்வரிசையில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கும் ‘அகதி’ இந்த மலையில் பல தலைமுறையாக இருக்கிற வீட்டுப் பிள்ளை. சிரிப்பாகத்தான் இருந்தது. அந்த வீடியோவால் ஒரு குடும்பத்துக்கு, எங்கே போகிறீர்கள், யாரோடு சேருகிறீர்கள் என்று கேள்வி வந்தது தெரிந்தபோது சிரிப்பு போய்விட்டது. அதிலிருந்து மைதானத்தில் போன் எடுத்தால் மாஸ்டர் விசில் அடிப்பார். சொந்தப் பிள்ளையைக்கூட எடுக்க முடியாது, எனக்கு இன்னும் என் மகள் கோல் போட்ட படம் ஒன்றுகூட இல்லை. சரி, போகட்டும்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம் கொடுப்பேன், கழிப்பறை வரும்வரை அந்த ஒன்றைப் பிடித்து வைத்திருக்கிறேன். பிள்ளையைப் பெரிய ஆட்டக்காரனாக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் கோயம்புத்தூரில் காசு கட்டிச் சேருங்கள், இங்கே அது நடக்காது. மற்றவர்கள் பஸ் ஸ்டாண்டில் டீக்கடையில் பந்து மாஸ்டர் என்று கேட்டால் வழி சொல்வார்கள். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், பன்னை நம்பாதீர்கள். காட்டுமாடு மைதானத்தில் மேய்ந்துகொண்டிருந்தால் அது போகிறவரை வரப்பிலேயே நில்லுங்கள், விரட்ட வேண்டாம். அப்புறம், பிள்ளைகளுக்குச் சின்னதாகிப்போன சப்பாத்து வீட்டில் சும்மா கிடந்தால் எடுத்து வாருங்கள். சாக்கில் ஐந்தும் ஆறும் எப்போதுமே தட்டுப்பாடு. வலது கால் மட்டும் இருந்தாலும் பரவாயில்லை, எங்களிடம் ஒரு இடது கால் இருக்கிறது.